மனிதனின் முதல் முழு நாள் ஓய்வுநாள்

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஞாயிறு பள்ளியில் படைப்பின் ஏழு நாட்களையும் விரல்விட்டு எண்ணி ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் நாற்பது வயதை நெருங்கும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்த வரிசைப்படி மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். மறுநாள் கடவுள் ஓய்ந்திருந்தார். அப்படியென்றால் மனிதன் இந்தப் பூமியில் கழித்த முதல் முழு நாள் ஓய்வுநாள். கடவுளுக்கு அது வேலை முடிந்த நாள். மனிதனுக்கோ அதுதான் தொடக்கம். அவன் அதுவரை எதையும் செய்து முடிக்கவில்லை, எதையும் சம்பாதிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த அதிகாரம் ஒவ்வொரு நாளையும் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதான் கணக்கிடுகிறது. யூதர்களின் சமய வழக்கில் இன்றும் பொழுது சாயும்போதுதான் நாள் பிறக்கிறது. அப்படிப் பார்த்தால் நாளின் முதல் பாதியை நாம் தூங்கிக் கழிக்கிறோம். காலையில் எழுந்து வரும்போது நாள் ஏற்கெனவே பாதி நடந்திருக்கிறது, அதுவும் நம் உதவி இல்லாமலே.

கிறிஸ்தவ விசுவாசத்தில் நன்றி, ஓய்வு, வாழ்க்கையின் நோக்கம் ஆகிய மூன்றையும் புரிந்துகொள்ள இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். முதலில் நமக்குக் கொடுக்கப்படுகிறது. அப்புறம்தான் நாம் செய்கிறோம். புதிதாக வேதாகமம் வாசிக்கத் தொடங்கியவர்களுக்காகவும், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் ஏன் எதற்கெடுத்தாலும் "ஸ்தோத்திரம்" என்கிறார்கள் என்று யோசிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் தென் தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை) குடும்பத்தில் பிறந்தவன். அதனால் என் வாயில் கர்த்தர், தேவன், ஸ்தோத்திரம் என்ற பழைய மொழிபெயர்ப்பின் சொற்களே வரும். கத்தோலிக்கர்கள் ஆண்டவர், கடவுள், நன்றி என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

ஓய்வு என்றால் நிறுத்துவது

'சபாத்' என்ற எபிரெயச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் நிறுத்துதல். தமிழில் இதற்கு 'ஓய்வு' என்ற சொல்லைப் போட்டவர்கள் சரியாகப் போட்டார்கள். மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது என்கிறோம் அல்லவா, அந்த ஓய்தல்தான் இது. களைப்பு தீர்வது அதன் பலன். முதலில் நடக்க வேண்டியது நிற்பது.

இது ஏன் ஒரு கட்டளையாகவே வந்தது என்பதற்குப் பின்னணி எகிப்தில் இருக்கிறது. இஸ்ரவேல் மக்கள் அங்கே அடிமைகள். எகிப்தின் அரசனான பார்வோனுக்காகச் செங்கல் அறுப்பதுதான் வேலை. மூன்று நாள் பயணம் போய் எங்கள் தேவனுக்குப் பலியிட வேண்டும் என்று அவர்கள் தலைவர் மோசே கேட்டபோது, பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டான். வைக்கோலை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும், ஆனால் செங்கல் கணக்கு மட்டும் ஒன்றுகூடக் குறையக் கூடாது. முறையிட்டவர்களுக்கு அவன் சொன்ன பதில், நீங்கள் சோம்பேறிகள் என்பது. யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம் இது. மாதக் கடைசியில் இலக்கை எட்டாமல் மேலாளர் முன் நின்றிருக்கும் எவருக்கும் இந்த அதிகாரத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இருக்காது.

விடுதலையான பிறகு அதே மக்கள் வனாந்தரத்தில் பசியோடு இருக்கிறார்கள். காலையில் தரையில் வெள்ளையாக ஏதோ கிடக்கிறது. 'இது என்ன' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியே 'மன்னா' என்று பெயராகிவிட்டது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று பொறுக்கிக்கொள்ள வேண்டும். பயந்து மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுடைய மன்னா பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு பங்கு கிடைத்தது, அது கெடவும் இல்லை. ஏழாம் நாள் வெளியே போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் கொடுக்கப்படுவதற்கு முன்பே நடந்தது இது. அடிமையாகப் பழகிப்போன ஒரு ஜனத்துக்கு, ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் பட்டினி கிடக்க மாட்டாய் என்று வாரா வாரம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20-ல் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு. உபாகமம் 5-ல் சொல்லப்படும் காரணம், நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பது. இரண்டு இடத்திலும் நீ மட்டும் ஓய்ந்திரு என்று சொல்லவில்லை. உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என்று பட்டியல் நீள்கிறது. உபாகமம் கூடவே இன்னும் ஒன்றைச் சொல்கிறது: உன்னைப் போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும்.

இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் யாருக்கு ஓய்வு? அம்மா அதிகாலையில் எழுந்து ஆராதனைக்குப் பிள்ளைகளைக் கிளப்பி, திரும்பி வந்ததும் சேலை மாற்றக்கூட நேரமில்லாமல் கறிக்குழம்புக்குத் தேங்காய் அரைக்கிறார். மற்ற நாளில் ஒரு குழம்பு என்றால் அன்றைக்குக் குழம்பு, வறுவல், ரசம், மத்தியானம் வரும் விருந்தாளிக்கு இன்னொரு உலை அரிசி. நாங்கள் சாப்பிட்டுவிட்டு "நல்ல ஓய்வு" என்று படுத்துவிடுவோம், அவர் பாத்திரம் கழுவுவார். பல வருடம் நானும் அப்படித்தான் படுத்திருக்கிறேன். உபாகமம் 5 எங்கள் வீட்டு அடுக்களைக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது என்று புரிந்ததிலிருந்து, ஞாயிறு மதியப் பாத்திரம் என் பொறுப்பு. சமையலும் சனிக்கிழமையே பாதி முடிந்துவிடும். ஒருவருடைய ஓய்வு இன்னொருவர் முதுகில் ஏறி உட்கார்ந்தால் அதை வேதாகமம் ஓய்வுநாள் என்று சொல்லவில்லை.

சனியா ஞாயிறா என்ற கேள்வி கட்டாயம் வரும். யூதர்களுக்கு வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை. இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் ஆதிச் சபையார் ஞாயிறன்று கூடினார்கள். 321-ம் ஆண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதைப் பொது ஓய்வுநாளாக அறிவித்தார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் இன்றும் சனிக்கிழமையைக் கைக்கொள்கிறார்கள். நாளைப் பற்றிய விவாதத்தில் ஓய்வைத் தொலைத்துவிடக் கூடாது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இளைப்பாறுதலும் நுகமும்

இயேசு சொன்ன மிகப் பிரபலமான அழைப்பு, அவர் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்களில் ஒன்றான மத்தேயு 11:28-ல் இருக்கிறது. "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." தமிழ்நாட்டில் எத்தனையோ ஆலயச் சுவர்களில் எழுதியிருக்கும் வசனம் இது. 'இளைப்பாறுதல்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். இளைப்பு ஆறுவது. புண் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, மனம் ஆறுகிறது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. சும்மா இருப்பதைவிடப் பெரிய சொல்.

எந்தப் பாரத்தைச் சொன்னார்? வயல் வேலையின் பாரமும் வரியின் பாரமும் அந்த மக்களுக்கு இருந்தன. ஆனால் இன்னொரு பாரமும் இருந்தது. சுமக்க முடியாத சுமைகளைக் கட்டி மனிதர் தோளில் வைக்கிறார்கள் என்று அதே சுவிசேஷத்தின் 23-ம் அதிகாரத்தில் மதத் தலைவர்களை அவர் கண்டிக்கிறார். கடவுளுக்கு முன்னால் நான் தேறுவேனா என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கிற பாரம் அது. இளைப்பாறுதல் வசனம் முடிந்து 12-ம் அதிகாரம் தொடங்கியவுடனே ஓய்வுநாள் பற்றிய சண்டை வந்துவிடுகிறது. சீடர்கள் பசியில் கதிர்களைக் கொய்து தின்றது குற்றமாகிவிட்டது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இதே சம்பவத்துக்கு இயேசு சொல்லும் பதில், "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது." ஓய்வையே சுமையாக்கிவிட்டவர்களுக்குச் சொன்ன பதில் அது.

இனி அடுத்த வசனம். சுவரில் யாரும் எழுதி வைக்காதது. "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு" என்கிறார். களைத்துப்போனவனைக் கூப்பிட்டு, அவன் கழுத்தில் நுகத்தடியை வைப்பதா? நுகம் என்பது உழவு மாட்டின் கழுத்தில் பூட்டும் கட்டை, வேலைக்கான கருவி. முதன்முறை கவனித்தபோது எனக்கே இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் நுகத்தடியில் இரண்டு மாடு பூட்டுவார்கள். புதுக் காளையைப் பழக்கும்போது, நன்றாகப் பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டுவது நம் ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்த வழக்கம். பாரத்தின் பெரும்பகுதியைப் பழகிய மாடு இழுக்கும், இளங்காளை அதன் நடையைக் கற்றுக்கொள்ளும். "என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்" என்று அந்த வசனத்திலேயே வருகிறது. வேலையே இல்லாத வாழ்க்கையை அவர் தருவதாகச் சொல்லவில்லை. தனியாக இழுக்க வேண்டாம் என்கிறார். கிறிஸ்தவ இளைப்பாறுதலின் உட்கரு இதுதான் என்று நான் நம்புகிறேன்.

சூரைச்செடியின் கீழே

மனம் உடைந்த ஒருவருக்குக் கடவுள் என்ன செய்வார் என்று யாராவது என்னைக் கேட்டால், நான் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தைத்தான் காட்டுவேன். எலியா பெரிய தீர்க்கதரிசி. முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அடுத்த பக்கத்தில் அரசி யேசபேல் கொல்லப்போவதாக மிரட்டியதும் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார்.

அந்த இடத்தில் அவருக்குப் பிரசங்கம் கிடைக்கவில்லை. உன் விசுவாசம் எங்கே என்ற கேள்வியும் இல்லை. அவர் தூங்கிப்போகிறார். ஒரு தூதன் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிடுகிறார், மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்புகிறான், நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்கிறான். இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு. அந்தப் பலத்தில் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறார். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்த பிறகு அமர்ந்த மெல்லிய சத்தம். அப்போதும் கடவுள் கேள்விதான் கேட்கிறார்: எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்? அவருடைய புலம்பலை முழுவதும் கேட்டுக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் அடுத்த வேலை வருகிறது. நான் ஒருவன் மட்டுமே மீந்திருக்கிறேன் என்று சொன்னவருக்கு, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தியும், எலிசா என்ற துணையும் கிடைக்கின்றன.

சோறு, தூக்கம், கேட்பதற்கு ஒரு காது, அப்புறம் வேலை, துணைக்கு ஓர் ஆள். இந்த வரிசையை நம் சபைகள் பல நேரம் மறந்துவிடுகின்றன. வாழவே பிடிக்கவில்லை என்று சொல்கிறவரிடம் இன்னும் ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது எலியாவுக்கு நடந்ததற்கு நேர் எதிரானது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. அந்த அடையும் தண்ணீரும் இன்று மருத்துவர் கையிலிருந்தும் வரும்.

ஸ்தோத்திரம் என்ற சொல்

'ஸ்தோத்திரம்' வடமொழிச் சொல். துதி, புகழ் என்பது அதன் பொருள். தமிழ்ப் புராட்டஸ்டன்ட் வழக்கில் அது நன்றிக்கும் சேர்த்து நிற்கிறது. வாசலில் சந்தித்தால் ஸ்தோத்திரம், விடைபெறும்போது ஸ்தோத்திரம், பஸ் கிடைத்தாலும் ஸ்தோத்திரம். பழக்கத்தில் தேய்ந்துபோன சொல்தான். ஆனால் தேய்ந்த படிக்கட்டு எத்தனை பேர் ஏறிப் போனதற்குச் சாட்சி என்றும் அதைப் பார்க்கலாம்.

நன்றியைப் பற்றி லூக்கா 17-ல் ஒரு சம்பவம் உண்டு. பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று கூப்பிடுகிறார்கள். இயேசு அவர்களை ஆசாரியரிடம் போகச் சொல்கிறார். போகும் வழியில் பத்துப் பேரும் சுகமாகிறார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான், அவன் சமாரியன், யூதர்கள் ஒதுக்கி வைத்த இனத்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்பப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நன்றி சொல்லாவிட்டாலும் கொடுக்கப்பட்டது கொடுக்கப்பட்டதுதான். திரும்பி வந்தவனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, கொடுத்தவரின் முகம்.

என் பாட்டி தினமும் உலை வைக்கும்போது களைந்த அரிசியைப் போடுவதற்கு முன், ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிடி அரிசி என்போம். அது ஆலயத்துக்குப் போய்ச் சேரும். பாட்டியிடம் பணம் புழங்கிய காலம் இல்லை அது. கஷ்ட நாட்களில் அரிசியே அளந்து போட வேண்டியிருந்தது. மிச்சம் இருந்தால் கொடுப்போம் என்று அவர் நினைத்திருந்தால் ஒருநாளும் கொடுத்திருக்க முடியாது. பொங்குவதற்கு முன்பே எடுத்துவிடுவதால், மீதி இருந்தது முழுவதும் அவருக்குக் கிடைத்த அரிசியாகத் தெரிந்தது. சின்ன வயதில் இதைப் பார்த்தவன் என்பதால், நன்றி என்றால் மனதில் பொங்கும் உணர்ச்சி என்று எனக்குத் தோன்றுவதில்லை. அது கையின் பழக்கம். உணர்ச்சி சில நாள் பின்னால் வந்து சேரும், சில நாள் வராது.

அறுப்பின் பண்டிகையிலும் இதே அர்த்தம் கொஞ்சம் ஆரவாரமாக வெளிப்படும். வாழைத்தார், தேங்காய், பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, காலைக் கட்டிய சேவல் எல்லாம் ஆலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் கேட்பாரற்ற ஒரு சுரைக்காய் அங்கே பல மடங்கு விலைக்குப் போகும், எடுத்தவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும். இதன் வேர் உபாகமம் 26-ல் இருக்கிறது. முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் சும்மா வைத்துவிட்டுப் போகக் கூடாது. எங்கள் முன்னோர் அலைந்து திரிந்தவர்கள், நாங்கள் அடிமைகளாக இருந்தோம், எங்களை இங்கே கொண்டுவந்தவர் நீர் என்று கதையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் தன் ஊரில் இருக்கிற அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து ஆலயங்களில் அசனம் என்று எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தை நான் இந்த வசனத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். சாதி பார்க்கிற சபைகள் இன்னும் நம்மிடையே இருப்பது, நன்றியை அரைகுறையாகப் படித்ததன் விளைவு. அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

சரி, துன்பத்தில் எப்படி நன்றி சொல்வது? "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:18-ல், ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். கத்தோலிக்கரும் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் இது "எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்" என்று இருக்கிறது. எல்லாச் சூழ்நிலைக்குள்ளும் இருந்துகொண்டு நன்றி சொல்வது வேறு, புற்றுநோய்க்காக நன்றி சொல்வது வேறு. எபேசியர் 5:20-ல் "எல்லாவற்றிற்காகவும்" என்றும் இருக்கிறதே என்று வேதம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அங்கே பவுல் ஒன்றாகக் கூடிப் பாடுகிற சபையைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று சொல்ல அந்த வசனத்தை எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர்விட்டார். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே கேட்கும் 13-ம் சங்கீதம் வேதாகமத்தில்தான் இருக்கிறது. 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது, கடைசியில்கூட ஒரு துதி இல்லை. அழுகைக்கும் இடம் கொடுத்த நூல்தான் நன்றியையும் கேட்கிறது.

காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் இயேசு அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் செய்து பிட்டார். மறுநாள் சிலுவை என்று அவருக்குத் தெரியும். சிலுவைக்காக நன்றி சொன்னார் என்று எழுதப்படவில்லை. கையில் இருந்த அப்பத்துக்காகச் சொன்னார். கத்தோலிக்கர் நற்கருணை என்றும் நாங்கள் திருவிருந்து என்றும் சொல்லும் அந்த ஆராதனைக்குக் கிரேக்கத்தில் 'யூக்கரிஸ்தியா' என்று பெயர். அதன் நேர்ப்பொருள் நன்றி செலுத்துதல்.

எதற்காக இருக்கிறேன்

நோக்கம் என்று சொல்லும்போது பலரும் பெரிய ஒன்றைத் தேடுகிறார்கள். கிறிஸ்தவர்கள் அதை அழைப்பு என்பார்கள். அழைப்பு என்றால் போதகராவது, மிஷனெரியாவது என்று ஒரு குறுகிய அர்த்தம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் இதைத்தான் எதிர்த்தார். துறவிக்கு இருக்கிற அதே அழைப்பு செருப்புத் தைப்பவருக்கும் பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் இருக்கிறது என்றார். இயேசுவே சுமார் முப்பது வயது வரை நாசரேத்தில் தச்சராக இருந்தவர். அவர் ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற குரல் கேட்டது. அந்த நேரம் வரை அவர் ஓர் அற்புதமும் செய்ததாகச் சுவிசேஷங்கள் சொல்லவில்லை. பிரியம் முதலில், ஊழியம் பிறகு. ஓய்வுநாளில் பார்த்த அதே வரிசை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அறியாத தமிழர் குறைவு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் அமெரிக்க மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் பலரும் மருத்துவ ஊழியர்கள். தனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தாய்க்கு உடம்பு சரியில்லை என்பதால் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றக் கேட்டு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு உயர்சாதி இந்து. ஐடாவின் தந்தை மருத்துவர்தான், ஆனால் ஆண் மருத்துவர் பார்க்க அவர்கள் வழக்கம் இடம் தரவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

இந்தக் கதையில் என்னை எப்போதும் நிறுத்துவது படுக்கைகளின் எண்ணிக்கை இல்லை. அம்மாவைக் கவனித்துக்கொள்ள வந்த இடத்தில், நடுராத்திரி கதவு தட்டப்பட்டபோது, அவருடைய அழைப்பு வந்தது. நோக்கத்தைத் தேடி அவர் எங்கும் போகவில்லை.

எல்லாருக்கும் அப்படி மூன்று தட்டல் கேட்பதில்லை. சிலருக்குக் கிடைத்த வேலையும் கையைவிட்டுப் போகும். திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் 1901 முதல், கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் ஒரு விபத்தில் விழுந்தார். அதன் பிறகு 1951-ல் இறக்கும் வரை அவர் வாழ்க்கை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். ஓடியாடி வேலை செய்த பெண்ணுக்கு இருபது வருடப் படுக்கை. அங்கிருந்தே எழுதினார், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார், வலியில் இருந்தவர்களுக்கு ஆறுதலானார். தன் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்து 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். உடம்பு ஒத்துழைக்காத முதியவர்கள் "இனி நான் எதற்கு இருக்கிறேன்" என்று கேட்கும்போது எனக்கு அந்தத் தொட்டி ஞாபகம் வரும்.

எபேசியர் 2-ல் பவுல் சொல்லும் ஒழுங்கு இதுவே. கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள், அது உங்களால் உண்டானது இல்லை, தேவனுடைய ஈவு என்று 8-ம் வசனம். நற்கிரியைகளைச் செய்வதற்காகப் படைக்கப்பட்டோம், அவற்றை அவர் முன்னதாகவே ஆயத்தம் பண்ணியிருக்கிறார் என்று 10-ம் வசனம். இந்த இரண்டின் வரிசையைப் புரட்டிவிட்டால் மறுபடியும் பார்வோனின் செங்கல் சூளைக்குப் போய்விடுவோம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது

பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். சனிக்கிழமை பொழுது சாயும்போது போனை அணைத்து வேறு அறையில் வையுங்கள். முதல் வாரம் கை பரபரக்கும். எனக்கு ஒரு மாதம் பரபரத்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறவர்கள், செவிலியர்கள், பஸ் ஓட்டுநர்கள், ஹோட்டல் ஊழியர்கள், வேறு நாளை எடுத்துக்கொள்ளலாம். போதகர்களுக்கே ஞாயிறுதான் கடும் வேலை. பலர் திங்கட்கிழமை இளைப்பாறுகிறார்கள். வீட்டில் யார் வேலையை யார் வாங்கிக்கொள்வது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படுக்கப்போகும்முன் அன்றைக்குக் கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லி நினையுங்கள். 'எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்' என்று மொத்தமாகச் சொல்வதைவிட, மத்தியானம் பக்கத்து மேசைக்காரர் பகிர்ந்த ஊறுகாய்க்கு ஸ்தோத்திரம் என்பது நல்லது. வார்த்தை வரவில்லை என்றால் 103-ம் சங்கீதத்தை வாசியுங்கள். அவர் செய்த உபகாரங்களை மறவாதே என்று தன் ஆத்துமாவிடம் தானே பேசுகிற பாட்டு அது. நன்றி வராத நாளில் 13-ம் சங்கீதம் இருக்கிறது.

வாசிக்கத் தொடங்க மாற்கு எழுதிய சுவிசேஷம் நல்லது. மொத்தம் 16 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று போதும். நான்காம் நாளில் இயேசு புயலுக்கு நடுவே படகில் தலையணை வைத்துத் தூங்குவதைப் பார்ப்பீர்கள். ஆறாம் நாள் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். ஊழியத்துக்குப் போய்விட்டு வந்த சீடர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. தனியான ஓர் இடத்துக்குப் போய்ச் சற்றே இளைப்பாறுவோம் வாருங்கள் என்று அவர் கூட்டிக்கொண்டு போகிறார். படகு கரை சேர்வதற்குள் ஜனங்கள் ஓடி வந்து அங்கே காத்திருக்கிறார்கள். அவர் எரிச்சல்படவில்லை, மனதுருகுகிறார். எல்லாரையும் பசும்புல்லின்மேல் பந்தி உட்காரச் சொல்கிறார். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் எடுத்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, ஆசீர்வதித்து, பிட்டு, பரிமாறும் வேலையை அந்தக் களைத்த சீடர்கள் கையிலேயே கொடுக்கிறார். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் சீடர்களைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜெபம் பண்ண மலைமேல் தனியாக ஏறிப் போகிறார்.